கிழித்துப் படித்த நாவல்

நான் படிப்பதை நிறுத்திவிட்டதை வீட்டில் முதலில் கவனித்தது என் மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பக்கத்தில் வந்து படுத்தவள், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அம்மா, நீ அந்தப் பக்கத்தத் திருப்பவே இல்ல" என்றாள். மடியில் ஒரு சிறுகதைத் தொகுப்பு திறந்து கிடந்தது. நான் முதல் பத்தியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்றால், கண் ஒவ்வொரு வார்த்தை மேலும் போனது. வரியின் முடிவுக்கு வரும்போது ஆரம்பம் மறந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து போனேன். திரும்பவும் அதேதான்.

"தூக்கம் வருது" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். தூக்கமும் வரவில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது என் சீர் சாமான்களோடு இரண்டு அட்டைப் பெட்டி நிறையப் புத்தகங்களும் லாரியில் வந்தன. என் கணவர் அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, ஃப்ளாட் வாங்கியபோது டி.வி. வைக்க வேண்டிய சுவரில் எனக்காகப் புத்தக அலமாரி அடித்துக் கொடுத்தார். ஆபீஸ் வேனில் படிப்பேன். குக்கர் விசில் வரும்வரை அடுப்படியில் நின்றுகொண்டே படிப்பேன். தண்ணி லாரிக்குக் காத்திருக்கும்போதும் கையில் ஏதாவது இருக்கும். யாராவது என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லச் சொன்னால், "அது எப்பப் பாரு புக்கும் கையுமா இருக்கும்" என்பதைத்தான் சொல்வார்கள்.

அது போன பிறகுதான் மற்றவையும் போயிருப்பது எனக்கே தெரிந்தது. தலை வாருவதை நாள்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கிறேன். குளிக்க வேண்டும் என்று நினைத்தாலே, பக்கெட்டில் தண்ணீர் பிடிப்பது, துண்டு எடுப்பது, பிறகு துணி மாற்றுவது என்று அது நீண்டுகொண்டே போய், நினைத்ததிலேயே களைத்து உட்கார்ந்துவிடுவேன். அழுகையெல்லாம் அதிகம் இல்லை. அழுதிருந்தால் வீட்டில் புரிந்திருக்கும். ஈரத்துணி மாதிரி ஒரு கனம் உடம்பு முழுக்கப் போர்த்தியிருந்தது, அவ்வளவுதான். ஆபீஸில் ஒரே பில்லை இரண்டு முறை பதிவு செய்தேன். மேனேஜர் நல்லவர். "கொஞ்ச நாள் லீவு போடுங்கம்மா" என்றார். லீவு போட்டுவிட்டு வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஊரிலிருந்து அம்மா போனில், "கோயிலுக்குப் போய்ட்டு வாடி, எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள். என் கணவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர். விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் களைத்துத் திரும்புவார். அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். அந்த வருடப் புத்தகக் காட்சிக்குத் தனியாகப் போய், கடைக்காரரிடம் விசாரித்து, செங்கல் கனத்தில் ஒரு புது நாவலை வாங்கிவந்து என் தலையணை பக்கத்தில் வைத்தார். "மெதுவாப் படி, அவசரம் இல்ல" என்றார். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார். ஆனால் ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் அந்தக் கனம்தான் எதிரே தெரியும். ஒரு பத்தியைத் தாண்ட முடியாதவளுக்கு அது மலை. ஒரு நாள் அதன் மேல் துவைத்த துணிகளைக் குவித்து மறைத்தேன்.

பிறகு அவரே விசாரித்து ஆவடியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். டாக்டர் அதிகம் பேசாத பெண். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இது டிப்ரஷன், மாத்திரையால் குறையும், ஆனால் நாளாகும் என்றார். நாளாகும் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களிடம் பதில் பேசவே எனக்குத் தெம்பில்லை.

முதல் சில தடவை கணவர் கூட வந்தார். அவருக்கு லீவு கிடைக்காதபோது நானே அம்பத்தூரில் ரயில் ஏறிப் போக ஆரம்பித்தேன். அந்த கிளினிக் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஃபேன் ஒன்று மட்டும்தான் ஓடும். அதற்குக் கீழே இருக்கும் இடத்தைப் பிடிக்க எல்லோரும் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நல்ல உயரம், பெரிய பொட்டு, ஃபேனுக்குக் கீழே இரண்டு பேர் இடத்தில் சௌகரியமாகக் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிக்கடை கவர். அதிலிருந்து உதிரித் தாள்களாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ரிப்போர்ட் என்றுதான் முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் நாவல். தைத்த ஓரம் பிய்ந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்த பக்கங்கள்.

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாமா பாக்குற? கதை புக்குதான்."

"கிழிஞ்சு போச்சா?"

"கிய்யல. நான்தான் கிய்ச்சேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் வெட்கமோ வருத்தமோ இல்லை. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். பக்கத்தின் முனையை மடிப்பவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

"ஏங்க இப்படி?" என்று கேட்டுவிட்டேன். பல வாரங்களில் தெரியாத ஒருவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"முயுசாப் பாத்தா மலைப்பா கீதும்மா. இம்மாம் பெருசு. இத்த எப்ப முடிக்கிறதுன்னு மூடி வெச்சிடுவேன். அதான் கொஞ்சம் கொஞ்சமாப் பிச்சி எடுத்துகினு வர்றது. இன்னிக்கி இதான். அவ்ளோதான். மீதி ஊட்ல கெடக்கு." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ படிப்பியா?"

"படிச்சிட்டிருந்தேன். இப்ப முடியல."

"வரி வரியாப் போயி மறந்து பூடுதா?"

நான் தலையாட்டினேன். டாக்டர்கூட அதை இவ்வளவு சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கும் அதே வியாதி, எனக்கு முன்னாலேயே வந்தது, அவ்வளவுதான் விஷயம். பல வருடமாக வந்துகொண்டிருக்கிறாள். நடுவில் கொஞ்ச காலம் நன்றாகி நிறுத்திவிட்டு, திரும்ப வந்திருக்கிறாள்.

அவள் முடித்திருந்த நாலைந்து தாள்களை எடுத்து என் கையில் திணித்தாள். "இந்தா. வெச்சிக்க. படிச்சா படி. இல்லாட்டி அத்தத் தூக்கிப் போடு. பழைய பேப்பர் கடையில எடைக்கி வாங்குனது, அட்டைகூட இல்ல. பேரு இன்னான்னு எனக்கே தெரியாது."

"முன்னாடி கதை தெரியாதே?"

"மூணு அக்கா தங்கச்சி. மலை ஊர்ல மெஸ் நடத்துறாங்கோ. அதுல நடுவுலவ ஒருத்தி கீறா பாரு, சரியான அழுத்தக்காரி. அவ்ளோ தெரிஞ்சாப் போதும்."

அதற்குள் அவள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். கவரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தத் தாள்களை மாத்திரைப் பெட்டியோடு சேர்த்து வைத்தேன். சில நாள் தொடவில்லை. ஒரு நாள் மாத்திரை போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, கை சும்மா இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தேன். வாக்கியத்தின் பாதியில் ஆரம்பித்தது. ஒருத்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெளியே மழை. சாப்பாட்டுக்கூடத்தில் அவள் அக்காவும் தங்கையும் அவளைப் பற்றியே பேசுவது அவளுக்குக் கேட்கிறது. அவள் அரிசி களைவதை நிறுத்தாமல், தண்ணீர்ச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒட்டுக் கேட்கிறாள்.

ஒரு பக்கம் போனேன். மறக்கவில்லை. ஆரம்பம் தெரியாததால் நினைவில் வைத்துக்கொள்ள எதுவுமே இல்லை, அதனால் பாரமும் இல்லை. பின்பக்கம் திருப்பினேன். அடுத்தடுத்த தாள்களும் போயின. அக்கா பேச ஆரம்பித்து, ஒரு ரகசியத்தைச் சொல்லப்போகும் இடத்தில் கடைசித் தாள் முடிந்துவிட்டது. நான் அடுத்த தாளைத் தேடினேன். இல்லை. படுக்கையின் கீழே விழுந்துவிட்டதா என்று குனிந்துகூடப் பார்த்தேன்.

குனிந்த நிலையிலேயே ஒன்று உறைத்தது. எனக்கு ஏதோ வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பல மாதங்களாகப் பசிகூட இல்லாமல் நேரமாகிவிட்டதே என்றுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த அக்கா என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ரொம்பச் சின்னதாக ஒரு அரிப்பு மாதிரி இருந்தது.

அடுத்த தடவை கிளினிக்குக் கொஞ்சம் சீக்கிரமே போனேன். அவள் வந்திருந்தாள்.

"அக்கா, அடுத்த பக்கம் வேணும்" என்றேன்.

"அடடே. படிச்சிட்டியா! அது ரயில்ல போச்சும்மா. சீட்டுலயே வெச்சிட்டு எறங்கிட்டேன். நான் சொல்றேன் கேளு." அந்த ரகசியத்தை அவள் கை காலெல்லாம் ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். மூத்தவளுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்ததாம், புருஷன் பட்டாளத்துக்குப் போனவன் திரும்பவில்லையாம். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். டோக்கன் கொடுக்கும் பெண்ணும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். ஆனால் கதை போகப் போக, பட்டாளத்தான் திரும்பி வந்து, அவனுக்கு இரட்டைப் பிறவியாக ஒரு தம்பியும் முளைத்தபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அக்கா, இது நெஜமாவே அதுல இருக்கா?"

அவள் என்னை ஒரு நிமிடம் முறைத்துவிட்டுச் சிரித்தாள். "பாதி கீது. மீதி நம்ம சரக்கு. பட்ச்சது மறந்துபோச்சு, இன்னா பண்ணச் சொல்ற?"

நானும் சிரித்தேன். சிரித்தபோது கன்னம் வலித்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் துணிக் குவியலுக்கு அடியிலிருந்து அந்தப் புது நாவலை எடுத்தேன். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நடுவில் அகலமாக விரித்து, முதுகை மடக்கி, தையலில் கத்தரிக்கோலை விட்டேன். கோந்து பிரியும்போது ஒரு சத்தம் வந்தது. மகள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா வாங்கிக் குடுத்தது!" என்றாள். "படிக்கத்தான்டி" என்றேன். அவள் நம்பவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் அவளே போய்ச் சொன்னாள். அவர் வந்து கட்டில் மேல் கிடந்த பாகங்களைப் பார்த்தார். எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கிவைத்து, ஒரு ரப்பர் பேண்டைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். முதல் பாகத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

கிளினிக்கில் பார்த்த அந்த அக்காவின் புருஷன் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விருதுநகர் பக்கத்துக்காரர். இவள் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். குவார்ட்டர்ஸில்தான் வீடு. ஒரு நாள் கிளினிக் முடிந்ததும், "ஊட்டுக்கு வாம்மா, டீ குட்ச்சிட்டுப் போ" என்று ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனாள். வேப்பமரங்களும் புங்கமரங்களும் வரிசையாக நின்ற தெரு. ஒரே மாதிரி மஞ்சள் வீடுகள். அடுத்த வீட்டுப் பெண் மலையாளத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவரும் படிப்பு முடித்து வெளியூரில். புருஷன் ஷிப்டில்.

டீ போட்டுவிட்டு, "ஒண்ணு காட்றேன் வா" என்று படுக்கையறைக்கு அழைத்துப்போனாள். ஒரு பழைய இரும்பு பீரோ. கைப்பிடியைத் திருகிக் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்தாள்.

கதவுகளின் உட்பக்கம் முழுக்கப் படங்கள். ஒரு இஞ்ச் இடம் விடாமல் ஒட்டியிருந்தாள். காலண்டரில் வந்தவை, வாரப்பத்திரிகையில் வந்தவை, தீபாவளி மலரின் வழவழப்பான தாளில் வந்தவை. எல்லாம் வரைந்த படங்கள், போட்டோ ஒன்றுகூட இல்லை. கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகள். ஏதோ வெளிநாட்டு ஓவியத்தில் ஒரு தட்டில் மூன்று பேரிக்காய். முதுகு காட்டி உட்கார்ந்து தலை உலர்த்தும் பெண். பனி மூடிய ஒரு தெரு. ஒரு எருமை, அதன் கொம்பில் மட்டும் வெயில். பக்கத்தில் வரிசையாகத் தொங்கிய புடவைகளிலிருந்து நாப்தலின் வாசனை வந்தது.

"வெளிய சொவத்துல ஒட்டக்கூடாதா?" என்றேன்.

"வெளிய ஒட்னா வர்றவன் போறவன்லாம் இன்னா இது, எதுக்கு இதுன்னு கேப்பான். இது எனக்கு. ரொம்பப் பேஜாரா கீற அன்னிக்கி, கதவத் தொறந்து வெச்சிகினு இதும் முன்னாடி உக்காந்துக்குவேன். படிக்க முடியலன்னா பாக்கலாம்ல? படம் பாட்டுக்கு கீது. நம்மள ஒண்ணியும் கேக்காது."

தரையில் பாய் போட்டாள். இருவரும் பீரோ முன்னால் உட்கார்ந்து டீ குடித்தோம். நான் அந்தப் பேரிக்காய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று லேசாகச் சாய்ந்து மற்றொன்றின் மேல் முட்டுக்கொடுத்திருந்தது. அதில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் சொல்லித்தான் எழுந்தேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி போனில் பேசிக்கொண்டோம். என் நாவலின் படித்து முடித்த பாகங்களை அவளுக்குக் கொடுப்பேன். அவளுடைய மெஸ் கதையின் பாகங்கள் எனக்கு வரும். வரிசை தவறித்தான் வரும். சில வராமலே போயின. மூத்தவளின் ரகசியம் என்ன என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆபீஸுக்கு அரை நாள் போக ஆரம்பித்தேன். அது பெரிய முன்னேற்றம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. அரை நாள் முடிந்து வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூட முடியாமல் சோபாவில் விழுந்து கிடப்பேன்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம் அவளிடமிருந்து போன் வருவது நின்றது. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. கிளினிக்கிலும் காணவில்லை. எனக்கே அப்போது நாட்கள் கனமாக இருந்தன. போக வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு, ஒரு நாள் மதியம் ஆபீஸிலிருந்து நேராக ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்தது அவள் புருஷன். தாடி வளர்ந்திருந்தது. லீவு போட்டிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வாங்க சிஸ்டர். நீங்களாவது வந்தீங்களே" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாப்பிட மாட்டேங்குறா. மாத்திரைய முழுங்குறாளா துப்புறாளான்னே தெரியல. நாளைக்கு டாக்டர் வரச் சொல்லிருக்காங்க. சேக்க வேண்டி வரும்னாங்க" என்றார்.

அவள் படுக்கையறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் எத்தனையோ நாள் படுத்திருந்த அதே மாதிரி. பொட்டு இல்லாத நெற்றியை அன்றுதான் பார்த்தேன்.

"அக்கா" என்றேன்.

"ம்."

"நாவல்ல அடுத்த பாகம் கொண்டுவந்திருக்கேன்."

"வோணாம்மா. எய்த்தெல்லாம் எறும்பாட்டம் ஓடுது."

"நான் படிச்சுக் காட்டவா?"

"வோணாம்."

எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு படங்களையும் பார்த்தாள். ஆனால் அவள் கண்ணில் ஒன்றும் ஏறவில்லை. "மூடும்மா. வெளிச்சமா கீது" என்றாள்.

மூடினேன். அவ்வளவு சிரமப்பட்டு ரயிலேறி வந்தவளுக்கு, செய்வதற்கு வேறு எதுவும் தெரியவில்லை. எனக்கும் கால் ஓய்ந்துபோயிருந்தது. தரையில் பாய் கிடந்தது. அவள் கட்டிலை ஒட்டி அதில் படுத்தேன். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. அவள் கை கட்டிலிலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. அப்படியே நான் தூங்கிவிட்டேன். அவள் புருஷன்தான் எழுப்பினார். "சிஸ்டர், ஏழு மணி ஆகப்போவுது, வீட்ல தேடுவாங்க" என்றார். அவர் உப்புமா கிண்டியிருந்தார். நான் சாப்பிட்டேன். அவளும் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

ரயிலில் வரும்போது, புத்தகமும் படமும் என்னைக் காப்பாற்றிவிட்டன என்று நான் மனதுக்குள் கட்டிவைத்திருந்த கதை ஆட்டம் கண்டது. அவளுக்கு அவை தெரியாததா? எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தானே. அவளையே அவை கைவிட்டால் எனக்கு எவ்வளவு நாள் தாங்கும்? திருமுல்லைவாயில் வரும்வரை அந்தப் பயம் இருந்தது. பிறகு பயப்படவும் தெம்பில்லாமல் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சில வாரம் இருந்தாள். மாத்திரைகளை மாற்றினார்கள். நான் இரண்டு தடவை பார்க்கப் போனேன். முதல் தடவை அவள் பேசவில்லை. இரண்டாவது தடவை, "இங்க டீ கய்னித் தண்ணியாட்டம் கீது" என்றாள். வராந்தாவில் நின்றிருந்த அவள் புருஷன் அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் பழைய வேகத்தில் இல்லை. உடம்பு பருத்துவிட்டது, கை லேசாக நடுங்கியது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று தேடினாள். பொங்கலெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அவளே போன் செய்தாள். "பத்திரிகையில போட்டுருக்கான்மா. டவுன்ல படக் கண்காட்சியாம். நெஜப் படம். வரைஞ்ச படத்த நேர்ல நான் பாத்ததே இல்ல. கூட்டினு போறியா?"

எனக்குப் போக மனமே இல்லை. வேலை நாளெல்லாம் முடிந்து கிடைக்கும் சனிக்கிழமை படுத்துக்கிடக்கத்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டு நாளாகியிருந்தது. அவள் ஆவடியில் ஏறி, பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அம்பத்தூரில் ஏறினேன். சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம்.

உள்ளே ஏ.சி. குளிர். வழவழப்பான தரை. நாலைந்து அறைகள். மற்றவர்கள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, தள்ளி நின்று, பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களால் முதல் அறையைத் தாண்ட முடியவில்லை. வந்த அலைச்சலிலேயே இருவருக்கும் மூச்சு வாங்கியது. நடுவில் ஒரு மர பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு பெரிய படம். அவ்வளவும் தண்ணீர். பச்சையும் சாம்பலும் கலந்த தண்ணீர், மேலே அதே நிறத்தில் வானம். இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய கோடாகக் கரை. ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒரு தீற்றல்.

"செம்பரம்பாக்கம் ஏரியாட்டம் கீதில்ல?" என்றாள் அவள். "கண்ணாலம் ஆன புதுசுல அவரு சைக்கிள்ல வெச்சிகினு போனாரு. இதே மாதிரி மோடம் போட்டு இருந்திச்சி. அப்ப அங்க இவ்ளோ ஊடு இல்ல."

"எனக்கு எந்த ஏரியும் ஞாபகம் வரல" என்றேன். உண்மையும் அதுதான். எனக்குப் படத்தின் கீழ் மூலையில் அந்தப் பச்சை எப்படிக் கறுப்பாக மாறுகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. அருகில் போய்ப் பார்த்தேன். சாயம் தடித்துத் திட்டுத்திட்டாக இருந்தது. யாரோ ஒருவர் நின்றுகொண்டு, கையை அசைத்து அசைத்து, இவ்வளவையும் பூசியிருக்கிறார். அவருக்கும் தோள் வலித்திருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நாங்கள் வேறு எதையும் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு காவலாளி வந்து, "மேடம், அந்தப் பக்கம் இன்னும் நெறைய இருக்கு" என்றார்.

"இதே போதும்பா" என்றாள் அவள்.

சென்ட்ரலுக்கு வந்து பிளாட்பாரக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தின்றோம். ரயிலில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினோம். அம்பத்தூரில் பக்கத்துப் பெண் தட்டி எழுப்பியிராவிட்டால் நானும் ஆவடிக்கே போயிருப்பேன்.

மறுநாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வெளியே போய்வந்த மறுநாள் எப்போதும் அப்படித்தான். உடம்பு பழைய ஈரத்துணிக்குள் போய்விட்டது. என் கணவர் சமைத்தார். மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அது ஆறி ஆடை கட்டியது. மத்தியானம் போன் அடித்தது.

"அந்த ஓரத்துல வெள்ளையா இருந்திச்சே, அது கொக்குதானே?" என்றாள் அக்கா. ஹலோகூடச் சொல்லவில்லை.

"கொக்கு இல்லக்கா. ஆளு. வெள்ளைச் சட்டை போட்டு குனிஞ்சு நிக்கறாரு."

"நல்லாப் பாத்தியா? ஆளு அவ்ளோ சின்னதா எப்டிம்மா இருப்பான்?"

"தூரத்துல நிக்கறாரு இல்ல?"

"அப்ப கொக்கு தூரத்துல நிக்காதா?"

நான் எழுந்து தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். அது ஆள் என்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. கொக்கு என்பதற்கு அவளிடமும் இருந்தது. போன் சூடாகிக் காது எரியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.